இரண்டாம் டிக்காஷன்

விடிகாலை நாலே முக்காலுக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் பெரியப்பா வீட்டிலிருந்து டொக், டொக், டொக் என்று மூன்று தட்டுக் கேட்கும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு. கரண்டிக் காம்பால் பில்டரின் தலையில் தட்டுகிற சத்தம் அது. டிக்காஷன் இறங்கவில்லை என்று பொருள். பால்காரர் அதைக் கேட்டால் வண்டியை நிறுத்தாமல் எதிர்ச்சாரி வீடுகளை முடித்துவிட்டு வருவார். டிக்காஷன் இறங்காத நேரத்தில் அந்த வீட்டுப் படியேறி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு.

சிக்கனக் காப்பிக்காரர் என்று ஓர் இனம் நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. கஞ்சர் மட்டமான பொடி வாங்கி மிச்சம் பிடிப்பார். இவர் நல்ல பொடிதான் வாங்குவார். மிச்சத்தை வேறு இடத்தில் பிடிப்பார். பெரும்பாலும் விருந்தாளிகளிடம்.

பெரியப்பா கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சங்கத்துக் கணக்கு முடிந்ததும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை, காப்பிக்கு நோட்டுப் போட்டுவிட்டது. ஒரு டம்ளருக்குப் பொடி 8 கிராம், 6 ரூபாய் 40 பைசா. பச்சைப் பாக்கெட் பால் 100 மில்லி, 4 ரூபாய் 40 பைசா. சர்க்கரை 45 பைசா. கேஸ் அரை ரூபாய். ஆகக் கூடுதல் 11 ரூபாய் 75 பைசா. இது முதல் டிக்காஷன் காப்பியின் அடக்க விலை. இரண்டாம் டிக்காஷனில் பொடிச் செலவு பூஜ்யம் என்பதால் 5 ரூபாய் 35 பைசாவில் முடிந்துவிடும். அந்தப் பத்திக்கு நேரே, சிவப்பு மையில், சின்ன எழுத்தில், 'தம்பி மகன்' என்று எழுதியிருக்கிறது. தம்பி மகன் நான்தான்.

அந்த வீட்டில் யார் யாருக்கு எந்த இடம் என்பது ரேஷன் கார்டில் இல்லை, பில்டரில் இருக்கிறது. முதல் டிக்காஷன் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும், வந்தால் மாப்பிள்ளைக்கும். இரண்டாவது என் போன்ற நெருங்கிய சொந்தங்களுக்கு. மூன்றாவது, கோயில் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வருபவர்களுக்கு. அதில் நிறம் மட்டும்தான் காப்பி. நாலாவதாகக் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பில்டரைக் கழுவுவார்கள் அல்லவா, அது வாசல் ரோஜாச் செடிக்கு. சக்கைப் பொடியும் அதற்கே. பதினெட்டு வருஷமாக நான் இரண்டாம் இடத்திலேயே இருக்கிறேன். நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, இரண்டு தடவை பதவி உயர்வு வந்தது, தலை நரைத்தது. டிக்காஷன் மாறவில்லை.

பில்டருக்கும் ஒரு கதை இருக்கிறது. அதைக் கடையில் வாங்கவில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் போடும் அம்மாள் ஒருத்தியிடம் மூன்று பேண்ட், ஒரு ஜரிகை வேட்டி கொடுத்து, இரண்டு மணி நேரம் வாசலில் பேரம் பேசி எடுத்த எவர்சில்வர் பில்டர். பித்தளையில்தான் மணம் என்று யாராவது சொன்னால், "ஈயம் பூச ஆள் கூட்டிட்டு வா, அப்புறம் பித்தளை பேசலாம்" என்பார். பில்டருக்குச் சோப்புப் போடக் கூடாது. மாதம் ஒருமுறை மேல்பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து அடுப்புத் தணலில் காட்டுவார். ஓட்டைகளில் அடைத்திருக்கும் பழைய பொடி கருகி உதிரும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒவ்வோர் ஓட்டையாகப் பார்ப்பார். சிரமம் தரும் ஓட்டைக்குக் குண்டூசி. ஒருநாள் நான் போனபோது, "நூத்தி முப்பத்தி ரெண்டுல மூணு அடைச்சிருக்குடா" என்றார். எண்ணியிருக்கிறார்!

பொடி வாங்கும் நாள் சனிக்கிழமை. நூறு கிராமுக்கு மேல் வாங்க மாட்டார். அரைத்த பொடியின் மணம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது என்பது அவர் கட்சி. அது சரியான கட்சிதான். மாதத்துக்கு மொத்தமாக வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் கடைசி வாரத்தில் குடிப்பது காப்பி வாசனையுள்ள நேற்றைய சாம்பார். கடைக்கு இரண்டு கிலோமீட்டர் நடைதான், பஸ் செலவு கணக்கில் ஏறக் கூடாதே. கடைக்காரர் இவரைக் கண்டதும் மிஷினைக் காலி செய்துவிடுவார். முன்னால் அரைத்தவரின் சிக்கரி உள்ளே ஒட்டியிருக்கும் என்பதால், முதலில் விழும் ஒரு கைப்பிடியைப் பெரியப்பா ஏற்பதில்லை. மிஷினிலிருந்து சூடாகப் பொடி விழும்போது ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டுவார். மாவு மாதிரி வழுக்கினால் பில்டர் அடைக்கும். ரவை மாதிரி நெருடினால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், சாரம் பொடியிலேயே தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதை அவர் வாயால் சொன்னதில்லை. விரலை என் மூக்கருகே நீட்டி, "தெரியுதா?" என்பார். தெரியும் என்று சொல்லிவிடுவேன்.

அராபிகா முக்கால், ரொபஸ்டா கால். மணத்துக்கு அது, திடத்துக்கு இது. பீபெரி பக்கம் அவர் போவதில்லை. பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் தட்டையாக முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும். அபூர்வமாக ஒன்று மட்டும் உருண்டையாக விளைந்தால் அதுதான் பீபெரி. "ஒத்தைப் பிள்ளைன்னு செல்லம் கொடுத்து விலை ஏத்தி வச்சிருக்கான்" என்பார். சிக்கரி நூற்றுக்குப் பதினைந்து. பதினைந்து இருந்தால் டிக்காஷன் கொஞ்சம் கெட்டியாக நிற்கும், இரண்டாம் தடவைக்கும் தாங்கும். அதற்கு மேல் போனால் அது காப்பி இல்லை, வறுத்த வேர்க் கஷாயம்.

சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எத்தனைக்கு எத்தனை என்று பாக்கெட்டின் மேல் போட்டாக வேண்டும். பெரியப்பா மளிகைக் கடையில் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். "அம்பத்தொண்ணு இருந்தா ஆட்சி அமைக்கலாம்டா. நல்லாட்சி தர முடியாது."

இந்த சிக்கரி விவகாரம்தான் அக்கா கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது. சம்பந்தி வீட்டில் முதல் சந்திப்பு. பஜ்ஜி வந்தது, சொஜ்ஜி வந்தது, காப்பி வந்தது. பெரியப்பா ஒரு வாய் குடித்தார், டவராவைக் கீழே வைத்தார். "ஒரு கண்ணாடி டம்ளர்ல பச்சைத் தண்ணி கிடைக்குமா? அப்படியே உங்க காப்பிப் பொடி ஒரு சிட்டிகை." மருந்து எதுவோ சாப்பிடப் போகிறார் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பொடியைத் தண்ணீர் மேல் தூவினார். காப்பித் தூள் மிதக்கும்; சிக்கரி சாயம் விட்டுக்கொண்டே அடிக்கு இறங்கும். கூடத்தில் இருந்த பதினோரு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, டம்ளருக்குள் பழுப்பு இழைகள் நூல் நூலாக இறங்கின. "நாப்பதுக்குக் குறையாது" என்றார், ஜாதகத்தில் தோஷம் கண்டவர் குரலில். பெரியம்மா எழுந்து போய்ச் சமையலறையில் நின்றுகொண்டார். கல்யாணம் நடந்தது, சம்பந்தி பெருந்தன்மையானவர். ஆனால் இன்றுவரை அந்த வீட்டில் பெரியப்பாவுக்கு மோர்தான்.

வெளியில் காப்பி குடிப்பது அவர் அகராதியில் கெட்ட பழக்கங்களின் வரிசையில் வரும். நெடுஞ்சாலையோரம் பித்தளைப் பாத்திரங்களை அடுக்கி வைத்துக் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்று போர்டு மாட்டிய கடைகளைப் பார்த்தால் காரை நிறுத்தச் சொல்வார். குடிக்க அல்ல, விசாரிக்க. டிகிரி என்றால் பால்மானி காட்டுகிற அளவு, தண்ணீர் கலக்காத பாலில் போட்ட காப்பி என்று ஒரு விளக்கம் உண்டு. சிக்கரி மருவித்தான் டிகிரி ஆயிற்று என்று இன்னொரு விளக்கம். எது சரி என்று ஒவ்வொரு கடைக்காரரிடமும் கேட்பார். நாங்கள் காரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வோம்.

பெங்களூரிலிருந்து வந்த பேரன் ஒருமுறை பெரியப்பாவை மால் ஒன்றின் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனான். ஒரு கோப்பை 240 ரூபாய். கோப்பையில் பாதிக்கு நுரை, நுரையில் ஓர் இலைப் படம். பில் வந்ததும், "காப்பிக்கு எவ்வளவு, நுரைக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு, பிரிச்சுப் போட்டுக் கொடுங்க தம்பி" என்றாராம். அதே பேரன் அடுத்த தீபாவளிக்குத் தாத்தாவுக்காகக் கொக்குக் கழுத்துக் கெட்டில், கைமிஷின், கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு எல்லாம் வாங்கி வந்தான். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பொடியை அரை நிமிஷம் உப்ப விட வேண்டும், அதற்கு 'புளூம்' என்று பெயர் என்று விளக்கினான். "அதுக்கு ஊற விடறதுன்னு பேருடா. உங்க பாட்டி அரிசிக்கும் அதைத்தான் பண்றா" என்றார் பெரியப்பா. கெட்டில் ரோஜாவுக்குப் போயிற்று. மிஷினில் பெரியம்மா மிளகு அரைக்கிறார். தராசை மட்டும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சனிக்கிழமை கடைக்குப் போனார். நூறு கிராம் என்று கட்டிக் கொடுத்தது 98.6 இருந்தது. ஒரு கிராமும் சொச்சமும் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

இரண்டு வருஷமாக அவருக்கு உலக அரசியலில் ஆர்வம் வந்திருக்கிறது. காரணம் பொடி விலை. பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் வறட்சி, அராபிகா விலை நியூயார்க்கில், ரொபஸ்டா விலை லண்டனில் என்று கடைக்காரர் சொன்னதிலிருந்து காலையில் பேப்பரில் வானிலைப் பக்கத்தைத்தான் முதலில் தேடுகிறார். அவருடைய நியாயம் எளிமையானது. "மாடியில் நின்னா ஏற்காடு தெரியுது. கலெக்டர் காக்பர்ன் 1820-கள்லயே அங்கே காப்பிச் செடி வச்சிருக்கார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா காய் கைக்கு எட்டுது. இதுக்கு நியூயார்க்காரன் எதுக்குடா விலை சொல்லணும்?" பொருளாதாரம் படித்த எனக்கு இதற்குப் பதில் தெரியும். இரண்டாம் டிக்காஷனும் போய்விடுமே என்று சொல்லவில்லை.

பெரியம்மா இந்த நாற்பது வருஷமும் பேசாமல் இருந்தவர். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தை நான் ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையை மட்டும் படித்தார். "எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, ஆவி படக் கூடாது. பெரியம்மாவை நம்பி பில்டரைக் கொடுக்க மனமில்லை. அவர் கை கனமாம், பில்டருக்குள் பொடி மேல் வைக்கிற குடையை அழுத்திவிடுவாராம். என்னைக் கூப்பிட்டார். மனசுக்குள் எனக்கு மேளம் கொட்டியது. பில்டர் கைக்கு வந்துவிட்டால் முதல் டிக்காஷன் எத்தனை தூரம்?

கூடத்துச் சாய்வு நாற்காலியில், ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டி, உத்தரவுகள் போட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி தளதளன்னு கொதிச்சுதா?"

"கொதிச்சுது பெரியப்பா."

"அணைச்சிட்டுப் பத்து எண்ணு. பொடியை அழுத்தாதே, குடையைச் சும்மா மேலே வை. சுத்தி ஊத்து, நடுவுல ஊத்தாதே. கொஞ்சம் விட்டு நிறுத்து. ஊறட்டும். இப்ப மீதி. மூடு. யாரும் தொடக் கூடாது."

எல்லாம் செய்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். காது வைத்துக் கேட்டேன். உள்ளே சொட்டுச் சத்தம் இல்லை. குடையை நானும் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. கரண்டிக் காம்பால் மூன்று தட்டுத் தட்டினேன். வாசலில் பால்காரர் வண்டி நிற்காமல் போகிற சத்தம் கேட்டது. இடைவெளி விட்டு மறுபடி இரண்டு. ஒருவழியாக இறங்க ஆரம்பித்தது. முழுதாக இறங்கி முடிய முக்கால் மணி நேரம் ஆனது; அதற்குள் டிக்காஷன் ஆறிப்போய்விட்டது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சுட வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் அடுப்பில் வைத்தேன், ஒரே ஒரு நிமிஷம், அதுவும் சின்னத் தீயில்.

பால் சேர்ப்பதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். கையை நீட்டினார். விட்டேன். நக்கினார். கட்டாத கண்ணையும் மூடிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அடுப்புல வச்சியா?"

"லேசா."

பெரியம்மா பக்கம் திரும்பினார். "ரோஜாவுக்கு ஊத்திடு."

பெரியம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பதினெட்டு வருஷமாக நான் காத்திருந்த பதவி உயர்வு அந்தச் செடிக்குக் கிடைத்தது.