ஃபேன் ஓடுது, படம் வரலை!

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கினேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது. திரையில் ஒன்றுமே வரவில்லையே? (வாசகர், பழைய பல்லாவரம்)

பதில்: பழைய டிரங்க் ரோட்டுச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய பொருளில் ஃபேனாவது ஓடுகிறதே, அதுவே லாபம்! மானிட்டர் வயர் சரியாகச் செருகியிருக்கிறதா, பாருங்கள். இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். என் முதல் சந்தேகம் ரேம் மீதுதான். அதை எடுத்து, பொன்னிறப் பற்களைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று பூட்டும்வரை திரும்ப அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள். மதர்போர்டுக்குப் புகார் சொல்லும் அளவு உயிர் இருக்கிறது. காசு மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனாலும் சில போர்டுகள் முரண்டு பிடிக்கும்.

உள்ளே மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் பதுங்கியிருக்கும். சந்தேகமிருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போங்கள். முழுப் பெட்டியோடு போனால், "இதுக்கு ரிப்பேரா? புதுசே வாங்கிடுங்க சார்" என்பார்கள்.