காபியையும் சேர்த்து

வேலை கேட்டு வந்தவர் சம்பளம் என்ற சொல்லை உச்சரிப்பதற்குள் "நீ எங்க வீட்டு மனுஷி மாதிரிம்மா" என்று முந்திக்கொள்ளும் பெரியவரை நீங்களும் அறிவீர்கள். மகனும் மருமகளும் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளுக்குப் போய்விட, ஒன்றரை வயதுப் பேரனுக்கு ஆயா அமர்த்தும் காரியத்தை வலிய ஏற்றுக்கொண்டு, மயிலாப்பூர் வீட்டுக் கூடத்துச் சாய்வு நாற்காலியில், மூக்குக்கண்ணாடியும் நாட்காட்டியில் கிழித்த தாளுமாக அவர் வீற்றிருப்பார். பக்கத்தில் சாட்சிக்கு ஒரு நண்பர் வேண்டும். அந்த ஸ்தானம் எனக்கு மூன்று தடவை வாய்த்தது.

வந்தவர் முன்பு வேலை பார்த்த வீட்டைப் பற்றி அரை மணி விசாரிப்பார். பேரன் என்ன சாப்பிடுவான், எப்போது தூங்குவான் என்று அரை வார்த்தை பேசமாட்டார். இவையெல்லாம் போகட்டும். அவருடைய கீர்த்தி நிலைபெற்றிருப்பது காபிக் கணக்கில்.

கண்ணகி நகரிலிருந்து பஸ்ஸில் வந்து, காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள இசைந்த ஒரு நடுவயது அம்மாள் மாதம் 15,000 ரூபாய் கேட்டார். பெரியவர் திகைக்கவில்லை, திகைப்பது பாமரர்களின் பேரம். "அதுக்கென்னம்மா, பதினஞ்சாயிரமே ஆகட்டும்" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுத் தாளில் எழுதலானார். இரண்டு வேளைக் காபி, ஓட்டல் விலைக்குக் குறைத்தே போட்டாலும் வேளைக்கு 15 ரூபாய், மாதம் 26 நாளைக்கு 780. மத்தியானச் சாப்பாடு, நாளொன்றுக்கு 60 வீதம் 1,560. வருஷத்தில் வீட்டு அம்மாள் கொடுக்கப்போகும் பழைய புடவைகள் நான்கு, ஒன்று 600 ரூபாய் என்று வைத்து மாதத்துக்கு 200. உத்தியோக காலம் முழுவதும் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வருஷந்தோறும் தேய்மானம் போட்டே பழகிய அந்த மகானுபாவர், தம் மனைவி எட்டு வருஷம் உடுத்திய புடவைக்கு மட்டும் கடையில் கொடுத்த விலையையே போட்டார்.

அடுத்தது பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போய்வரலாம் என்று அரசாங்கம் 2021-இல் செய்த ஏற்பாட்டை, தம்முடைய குடும்ப க்ஷேமத்தை உத்தேசித்துத் தம் சார்பில் நடத்தும் தர்மமாகவே அவர் பாவித்தார்; போக 20, வர 20 என்று அந்த வரவில் 1,040 ரூபாய் ஏறியது. கடைசியாக, குழந்தை தூங்கும் அறையில் ஏ.சி. ஓடுவதாலும், அந்தக் குளிர்ச்சி ஆயாவின்மீதும் படுவதாலும், அதற்கு 420. ஆகக் கூடி 4,000, ரொக்கம் 11,000. குளிர்ச்சிக்கு எப்படி அந்தத் தொகை வந்தது என்று நான் வெகுநேரம் யோசித்தேன். மொத்தம் சரியாக வர வேண்டுமே! அந்த எண்ணைக் கண்டதும் பழைய தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவு ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காபிய நான் வூட்லயே குடிச்சிட்டு வந்துடறேன் சார். சோறும் கட்டி எடுத்தாந்துக்கறேன். நீங்க துட்டாவே குடுத்துடுங்க" என்றார்.

பெரியவரின் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. "நம்ம வீட்ல இருந்துண்டு காபி சாப்பிடாம இருக்கறதாவது! நீ எங்க வீட்டு மனுஷி மாதிரிம்மா." உபசாரமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், சம்பளமென்றால் துட்டாகக் கேட்கலாம், இரண்டுக்கும் இடமில்லாத ஒரு திரவமாக அந்த வீட்டுக் காபி இருந்தது.

அவர் சட்டம் அறியாதவரல்லர். வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் முதல் என்று 2018-இல் தமிழக அரசு நிர்ணயித்தது அவருக்கு மனப்பாடம். "பத்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டா 9,620தான் ஆறது, நான் அதுக்கு மேலேயே தரேன்" என்பார். குறைந்தபட்சம் என்ற வார்த்தையை அதிகபட்சம் என்று வாசிக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. 1948-ஆம் வருஷச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு குறைந்தபட்சக் கூலியை ரொக்கமாகவே கொடுக்கச் சொன்னதை நான் எடுத்துக்காட்டினேன். "ரொக்கம்தான் அதுக்கு மேலேயே இருக்கே" என்றார். 2011-இல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வீட்டுப் பணியாளர்களுக்காக ஏற்ற உடன்படிக்கையில், கூலியில் ஒரு சிறு பகுதியைப் பொருளாகக் கொடுப்பதானாலும் அதற்குத் தொழிலாளி சம்மதிக்க வேண்டும், அது அவருடைய சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும், மதிப்பும் நியாயமாக இருக்க வேண்டும் என்று கண்டிருப்பதையும், இந்தியா அதை உறுதிசெய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சற்று யோசித்து, "ஜெனிவாவில ஃபில்டர் காபி ஏது?" என்றார்.

சிரித்துவிட்டேன். அந்த அம்மாளும் வேறு வழியில்லாமல் 11,000-க்கு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றே காபி வந்தது. எனக்குப் பித்தளை டபராவில்; அவருக்குக் கொல்லைக் குழாயடித் திண்டின்மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஓர் எவர்சில்வர் தம்ளரில். குடித்ததும் அவரே கழுவி அங்கேயே கவிழ்த்தார். வீட்டு மனுஷிக்குத் தம்ளர் ஏன் வெளியே இருக்கிறது என்று பெரியவரை நான் கேட்கவில்லை. என் டபராவைக் காலிசெய்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தேன். அது எனக்கு இன்றுவரை கசப்பாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பம் முழுவதும் ஐந்து வேலை நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்வந்தது. மாதம் பிறந்ததும், அந்த ஐந்து நாளைப் பிடித்துக்கொள்ளாமல் 11,000-ஐ முழுதாகக் கொடுக்கும் தம் ஔதாரியத்துக்குச் சாட்சியாகப் பெரியவர் என்னை வரவழைத்திருந்தார். அந்த அம்மாள் நோட்டுகளை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "அஞ்சு நாள் காபி பாக்கி இருக்குது சார். சோறும்" என்றார்.

வேறொருவராக இருந்தால் சீறியிருப்பார். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தேடி எடுத்தார். காபி 150, சாப்பாடு 300 என்று எழுதி, பேனாவை நிறுத்தி, "ஏ.சி.யும் ஓடலையே" என்று தாமாகவே முனகி, 420-ஐ 26-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கி, பைசாவை முழு ரூபாயாக்கி 81 என்று சேர்த்தார். புடவை தனிக் கணக்காம். பஸ்ஸை அரசாங்கத்தின் தலையில் விட்டுவிட்டார். அந்த க்ஷணத்தில் அவர்மேல் எனக்கு வாஞ்சையே உண்டாயிற்று. 531 ரூபாய். சில்லறை போதாமல் ஒரு ரூபாயை என்னிடம் வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் திரும்பி வரவில்லை.