காட்டுக்கழுதை காணப் புறப்படும் குடும்பங்களின் முன்னேற்பாடுகள்: ஓர் ஆய்வு

குஜராத்தின் சின்ன ரண் என்னும் உப்புத்தரையில் ஏறத்தாழ 4,954 சதுர கிலோமீட்டரில் விரிந்து கிடக்கிறது காட்டுக்கழுதைச் சரணாலயம். அங்கே எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று சொல்ல ஆள் உண்டு. போவதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவது எப்படி என்பதுதான் ஆய்வாளர் கண்படாத துறை. சென்னையின் நடுத்தரக் குடும்பத்தை ஆய்வுக்களமாகக் கொண்டு இக்கட்டுரை அதில் நுழைகிறது.

முதலில் காலம். மழை பெய்தால் ரண் தண்ணீரில் நிற்கும். ‘பேட்’ எனப்படும் மேடுகள் தீவுகளாகிவிடும், கழுதைகள் அவற்றில் ஏறிக்கொள்ளும். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சரணாலயத்தை மூடிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும் மே மாதத்திலோ நிழலுக்கு ஒரு மரம் இல்லாத உப்புத்தரை அனலாய்க் காயும். மிஞ்சுவது குளிர்காலம், அதிலும் அரையாண்டு விடுமுறை. அது மார்கழி, சபாக்காலம். வீட்டுப் பெரியவர்கள் கச்சேரியைக்கூட விட்டுத்தருவார்கள், சபா கேன்டீனை விட்டுத்தர மாட்டார்கள் என்பது இத்துறையில் நிலைநாட்டப்பட்ட உண்மை.

பணம், ரயில் டிக்கெட் ஆகியவை தடைகளே அல்ல. நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் அகமதாபாத். அங்கிருந்து பஜானாவுக்கோ தசாடாவுக்கோ காரில் இரண்டு மூன்று மணி நேரம்.

உண்மையான தடை விலங்கின் அந்தஸ்து. புலி பார்க்கப் போகிறோம் என்றால் சம்பந்தி வீட்டில் மரியாதை கூடும். அதே குஜராத்தில் கிர் காடும் சிங்கமும் இருக்க, “கழுதை பார்க்கவா மாப்பிள்ளை இவ்வளவு தூரம்?” என்று மாமனார் கேட்டால் என்ன பதில்? தெருவில் கழுதையை ஓட்டிவந்து பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் பால் கறந்து ஊற்றிய காலத்தை மாமியார் எடுத்துச் சொல்வார். அந்த வகையில் கழுதை இவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து போன பிராணி.

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்களை முன்வைக்கலாம். ஊர்க்கழுதை ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதையின் வழிவந்தது. ரண்ணில் இருப்பது ஆசியக் கிளை. இரண்டுக்கும் உறவு பங்காளி அளவுக்குக்கூட நெருக்கமில்லை. இது மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடும். மேலும், சர்ரா போன்ற நோய்களால் 1960களில் சில நூறாகச் சுருங்கிய இனம் 2024 கணக்கெடுப்பில் 7,672 ஆகியிருக்கிறது. மாமனார் மூன்றையும் பொறுமையாகக் கேட்பார். “எல்லாம் சரி, கழுதைதானே?” என்பார்.

அடுத்த உத்தி, விலங்கின் பெயரையே சொல்லாமல் விடுவது. பூநாரை, நாரை, கூழைக்கடா எல்லாம் குளிர்காலத்தில் அங்கே கூடுகின்றன. “பறவை பார்க்கப் போகிறோம்” என்றால் பொய்யில்லை. அகரியாக்கள் எனப்படும் உப்பளத் தொழிலாளர்கள் நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்திகளில் விட்டு உப்பு விளைவிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், கழுதையை விட்டுவிட்டுக்கூட அந்த உப்பளங்களுக்காகவே போகலாம். ஆனால் உப்பு என்றதும் “தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது” என்று ஒரு குரல் எழும். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

ராமநாதபுரத்து உறவினர் எவரேனும் ரண்ணின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஓரமெல்லாம் சீமைக்கருவேலம்! அங்கே அதைக் ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியக்காரக் கருவேலம், என்கிறார்கள். காட்டுக்கழுதை அதன் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகிறது. “நம்ம ஊரில் வேரோடு பிடுங்கச் சொல்கிறார்கள், நீ டிக்கெட் போட்டுப் பார்க்கப் போகிறாயா?” என்று அவர் கேட்பது அறிவியல் நோக்கில் நியாயமானதே.

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. நம் கடைகளில் கல்லாவுக்கு மேலே “என்னைப் பார் யோகம் வரும்” என்று ஒரு கழுதைப் படம் தொங்கும். படத்துக்கே யோகம் என்றால், உயிரோடு மந்தையாக நிற்பவற்றைப் பார்த்தால்? இக்கணக்கை எடுத்துரைத்த மாலையே மாமனார் குரங்குக்குல்லாயை வெயிலில் உலர்த்தியதாகத் தெரிகிறது. ஜீப்பில் முன் இருக்கை தனக்குத்தான் என்று அவரும், முதலில் பார்ப்பவருக்குத்தான் யோகம் என்று மாமியாரும் வாதாடிவருவதால், டிக்கெட் மட்டும் இன்னும் போடப்படவில்லை.