முத்துக் கொள்கையும் உப்புக் கொள்கையும்: அன்றாடம் எழுதுதல் குறித்த ஒரு கடற்கரை ஆய்வு

அன்றாடம் எழுதுதல் எனப்படுவது, பிழைப்புக்கான வேலைகள் தொடங்குவதற்கு முன்போ முடிந்த பின்போ, யாரும் கேட்காத ஒரு பத்தியை ஒருவர் நாள் தவறாமல் எழுதி வைப்பதைக் குறிக்கும். இப்பழக்கத்தை விரும்புவோர் மிகப் பலராகவும் உடையோர் மிகச் சிலராகவும் இருப்பதன் காரணத்தை அறிஞர்கள் உளவியலில் தேடிவந்தனர். தூத்துக்குடியில் தேடியிருந்தால் ஒரு நாளில் வேலை முடிந்திருக்கும். கரையில் உப்பளமும் கடலடியில் முத்துப் பாருமாக அமைந்த இந்நகரில், படைப்பு பற்றிய இருபெரும் கொள்கைகளும் கண்ணெதிரே கிடக்கின்றன.

முதலாவது முத்துக் கொள்கை. பார் என்பது சிப்பிகள் படிந்து வளரும் கடலடித் தளம். சலாபம் என்பது அரசு அறிவித்து நடத்திய முத்துக்குளிப்பு. பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்கு விலை மதித்து, தேறும் என்று தெரிந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்பட்டது; தேறாவிட்டால் ஆண்டுக்கணக்கில் பார் சும்மா கிடந்தது. இக்கொள்கையைப் பின்பற்றும் எழுத்தாளரும் புதுக் குறிப்பேடு வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, மனத்தில் மாதிரி எடுத்துப் பார்த்து, இன்னும் விளையவில்லை என்று மூடி வைக்கிறார். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுக்குப் பிறகு பார்களுக்கு நேர்ந்ததே அவரது குறிப்பேட்டுக்கும் நேர்கிறது.

இக்கொள்கையினர் சலாபத்தின் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நடைமுறையை விட்டுவிட்டனர் என்பது இவ்வாய்வின் துணிபு. குளியாளி கல்லைக் காலில் பற்றி இறங்கி, மூச்சடக்கி அடியில் இருக்கும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல்; அந்த நேரத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளையெல்லாம் அள்ளுவாரே தவிர, முத்துள்ள சிப்பி எது என்று நின்று யோசித்ததில்லை. மேலும் அவர் தனியாளல்லர்: தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார், சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவராகக் கருதப்பட்ட கடல்கட்டி என்பவரும் இருந்தார், அவருக்குச் சிப்பியில் பங்கும் இருந்தது. இக்காலச் சுறா கைபேசியே ஆதலால், எழுதும் அரை மணி நேரம் அதை வாங்கி அடுக்களையில் வைத்துக்கொள்ளும் வீட்டாரைக் கடல்கட்டி என்றே கொள்ளலாம். அவர்களுக்குரிய பங்கை எந்த எழுத்தாளரும் இதுவரை ஒழுங்காகக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நேரமின்மை என்ற வாதத்தையும் இங்கே தொட்டுச் செல்லவேண்டும். புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது பிரெஞ்சுக்காரருக்கும் உள்ளூராருக்கும் இடையே மொழியும் வணிகமும் பேசி முடிப்பவராக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல் வரவும் சண்டைச் செய்தியும் சரக்குக் கணக்கும் ஓயாத வாழ்வில், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சிதம்பரம் பிள்ளை, செக்கிழுக்க வைத்த சிறைவாசத்தின்போதே ஜேம்ஸ் ஆலனின் நூலை மொழிபெயர்த்தார். முத்துக்குளித்துறையின் கதையான ‘கொற்கை’ நாவலை எழுதி 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குரூஸ் கப்பல் தொழிலில் இருப்பவர். மேசை, தனியறை, மின்விசிறி மூன்றும் உள்ளவர்கள் இவ்விடத்தில் சற்றுத் தலைகுனிவது ஆய்வு மரபு.

இனி, விளைச்சலை மதித்துக் காத்திராமல் நாள்தோறும் உழைத்துப் படியவிடும் உப்புக் கொள்கை. கடல்நீரோ கிணற்று உவர்நீரோ பாத்தியில் ஏறும்போது அதன் அடர்த்தி சில போமே பாகைதான் (போமே என்பது உப்புநீரின் செறிவை மிதவைக் கருவி கொண்டு அளக்கும் அலகு). வெயிலும் காற்றும் அதை ஏறத்தாழ 25 பாகைக்கு ஏற்றிய பிறகே உப்பு மணியாகும். இதில் ஆய்வாளர் கவனிக்கத்தக்கது, உப்புக்கு முன் படிவது ஜிப்சம் என்பதாகும். எழுத உட்கார்ந்ததும் முதல் இருபது நிமிடத்தில் தாளில் படிவதும் அதுவே. அதைக் கண்டு தமக்கு எழுத்து வராது என்று எழுந்து போகிறவர், ஜிப்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடலில் உப்பே இல்லை என்று அறிவிப்பவரை ஒப்பர். மறுபுறம், 30 பாகையைத் தொடும் நீரை வடித்துவிடாமல் வைத்திருந்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கத் தொடங்கும். நள்ளிரவு தாண்டியும் விடாமல் எழுதப்பட்ட பத்திகளில், குறிப்பாகச் சக எழுத்தாளர்களைப் பற்றியவற்றில், இக்கசப்பு தெளிவாகத் தென்படும்.

விடுப்பு பற்றியும் கடற்கரை தெளிவாகவே இருக்கிறது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வடகிழக்குப் பருவமழையில் உப்பளமும் நின்றுவிடும். இரண்டுக்கும் முடிவுத் தேதியோ முடியும் பருவமோ உண்டு என்பதில்தான், எழுத்தாளர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் தடைக்காலம் வேறுபடுகிறது.

இரு கொள்கைகளையும் இணைக்கும் மூன்றாவது ஒன்றும் இவ்வூரிலேயே பிறந்தது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருமணியைச் செலுத்தி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். இதைப் பின்பற்றுவோர் இரவே ஒரு வாக்கியத்தைக் குறிப்பேட்டுக்குள் செலுத்திவிட்டு, காலையில் முத்து விளைந்திருக்கும் என நம்பி உறங்கச் செல்கின்றனர். ஆனால் கடலில் தொங்கும் சிப்பிக் கூண்டுகளின்மேல் கொட்டலசு எனப்படும் ஓட்டுயிர்கள் ஓயாமல் ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சுரண்டிக் கழுவ யாராவது படகேறிப் போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்பதால், ஆள்கூலிக் கணக்கில் இம்மூன்றாம் கொள்கையும் உப்பளத்துப் பேரேட்டிலேயே எழுதப்படுகிறது.