அடுக்ககத் தேர்வில் களைப்பின் பங்கு: வேளச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னைப் புறநகரில் குடும்பத்துக்கு ஒரு ஃப்ளாட் தேர்ந்தெடுப்பது எப்படி என்று வங்கிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், பில்டர்கள் எழுதியிருக்கிறார்கள், வாஸ்து நிபுணர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கினவன் எழுதியதுதான் குறைவு. பத்திரப்பதிவு முடிந்த மறுநாள் அவனிடம் பேனா வாங்கக் காசு இருப்பதில்லை என்பது காரணமாகலாம். அக்குறையை நீக்கும் பொருட்டே இவ்வாய்வு, கடன் வாங்கிய பேனாவால், மேற்கொள்ளப்படுகிறது.

ஆய்வுக் காலம் 14 மாதம். தரவு, 23 வீடு. களப்பணியாளர் ஐவர்: அப்பா, அம்மா, மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், நான். முதன்மைச் சான்று, அம்மாவின் 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐவரும் உட்கார்ந்து, 'நம்ம வீடு எப்படி இருக்கணும்' என்று அதில் 41 நிபந்தனை எழுதினோம். ஆய்வின் கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு மரபு. குடும்பம் நல்ல வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. நிபந்தனைகள் தேய்ந்து தீர்கிற நாளில் எந்த வீட்டின் முன் நிற்கிறதோ அதை வாங்குகிறது.

களம் வேளச்சேரி. இதில் முதல் சிக்கல், வேளச்சேரி எதுவரை என்பதே. அஞ்சல் துறையின் வேளச்சேரி ஒன்று. விளம்பரத்தின் வேளச்சேரி வேறொன்று. பின்னது வளரும் தன்மையது. 'வேளச்சேரிக்கு மிக அருகில்' என்று போட்டிருந்த வீட்டைத் தேடிப் புரோக்கரின் காரில் கிளம்பினோம். பள்ளிக்கரணை போயிற்று, மேடவாக்கம் போயிற்று, வண்டி சித்தாலப்பாக்கத்தில் நின்றது. "இது வேளச்சேரி எக்ஸ்டென்ஷன் சார்" என்றார், துளியும் கூச்சமில்லாமல். அந்தக் கணக்கில் திண்டிவனம் வரை தாராளமாக இழுக்கலாம்.

இடத்தைப் போலவே காலமும் இத்துறையில் நெகிழக்கூடியது. 'ரயில் நிலையம் 5 நிமிடம்' என்ற வீட்டிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை 8.45-க்கு ஸ்கூட்டரில் கிளம்பிப் பார்த்தேன். 26 நிமிடம் ஆயிற்று. ஆக, விளம்பர நிமிடம் ஒன்றுக்குக் கடிகார நிமிடம் 5.2 என்ற மாறிலி கிடைக்கிறது. மழை நாளில் மாறிலியே மாறும்.

இதனினும் நுட்பமானது 'வரப்போகிறது' என்னும் வினைமுற்று. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007-ல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர். அந்த நீட்டிப்பு வேலை 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் அரைக் கிலோமீட்டருக்கு நில வழக்கு வந்து, தூண்கள் வானத்தைப் பார்த்தபடி வருடக்கணக்கில் நின்றன. அத்தனை வருடமும் அந்த ரயில் ஃப்ளாட் விலைக்குள் மட்டும் குறித்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இனிப் பரப்பளவு. எங்கள் பட்டியலின் இரண்டாவது வீட்டை எடுத்துக்கொள்வோம். 1,050 சதுர அடி, சதுர அடி 8,500 ரூபாய், ஆக 89 லட்சத்து 25 ஆயிரம். உள்ளே போனதும் அம்மா, "ஏன்டா, மீதி எங்கே?" என்றாள். அந்தக் கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது தெரியவில்லை. அப்பாவின் இஞ்ச் டேப்பால் இரண்டு மணி நேரம் அளந்தபின் கார்பெட் ஏரியா 735 என்று தெரிந்தது. 1,050 என்பது சூப்பர் பில்ட்அப். நடந்து புழங்குகிற இடத்துக்கு மட்டும் வகுத்தால் சதுர அடி 12,143 ரூபாய் ஆகிறது. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா, கார்பெட் ஏரியா எது என்று தெளிவாகவே வரையறுக்கிறது: வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, உள்தடுப்புச் சுவர் சேரும். சட்டம் வரையறுத்ததைப் பத்திரம் அறியும், பில்டரின் பேச்சு அறியாது.

அந்த 315 சதுர அடி எங்கே போயிற்று? விசாரித்ததில் கொஞ்சம் லிஃப்டில் இருந்தது, கொஞ்சம் மாடிப்படியில், கொஞ்சம் ஜெனரேட்டர் அறையில், ஒரு துண்டு வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில். "அப்ப லிஃப்ட்ல நம்ம பங்குல ஒரு பீரோ வச்சுக்கலாமா தாத்தா?" என்றாள் மகள். அவள் கேட்டதற்கு சேல்ஸ் பையனிடம் இன்றுவரை பதில் இல்லை.

ஆனால் 315-ஐ விட அப்பாவை ஆட்கொண்டது யூடிஎஸ். தமிழில் பிரிபடாத நிலப்பங்கு. அந்த மனை 8 கிரவுண்டு, கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி, ஆக 19,200, வீடு 40, வீட்டுக்கு 480 சதுர அடி நிலம். கட்டடம் கிழடாகும், நிலம் ஆகாது, யூடிஎஸ் குறைவாயிருந்தால் வாங்காதே என்பது அப்பாவின் கொள்கை. கொள்கை சரிதான். அந்த 480 எது என்று கேட்டால்தான் விஷயம் தத்துவத்துக்குள் போய்விடுகிறது. அது மனையெங்கும் பரவி நிற்கிறது. ஓரிடத்திலும் காட்ட முடியாது. உன்னுடையது, ஆனால் அதில் ஒரு முருங்கைக் குச்சி நட உனக்கு உரிமை இல்லை. சைவ சித்தாந்தம் படித்தவரான அப்பாவுக்கு இதில் சிரமமே இருக்கவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

மாடல் ஃப்ளாட் பற்றி ஒரு வார்த்தை. அது யாரும் வசிக்காத, யாருக்கும் விற்காத, துணி காயாத வீடு. ஒன்றில் படுக்கையறை நல்ல விசாலமாய்த் தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். முழங்காலுக்குக் கீழே பாதி வெளியில் தொங்கியது. டேப்பை வைத்தால் கட்டில் நீளம் நாலேமுக்கால் அடி. "ஏம்ப்பா, இது யாருக்குச் செஞ்சது?" என்றார், படுத்தபடியே. "டெமோ கட்டில் சார்" என்றான் பையன். பாவம், அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவனை என்ன சொல்வது?

அம்மாவின் ஆய்வுக் கருவி ஒரு பித்தளைச் சொம்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் அதில் தண்ணீர் கொண்டுவருவாள். குளியலறை மூலையில் ஊற்றிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக் குனிந்து பார்ப்பாள். தண்ணீர் சல்லடைப் பக்கம் ஓட வேண்டும். 23 வீட்டில் 9 வீட்டில் அது கொஞ்சம் யோசித்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்து வந்தது. இத்தாலிய மார்பிள், ஜெர்மன் குழாய், தண்ணீர் மட்டும் கால் கட்டைவிரலுக்கு. ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினீயர் ஒருவர், "இது மைனர் இஷ்யூ மேடம், பொசஷனுக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்" என்றார். "தண்ணிக்கு மைனர் மேஜர் தெரியாதுப்பா" என்றாள்.

இவ்வாய்வின் மையப் பகுதி வெள்ளம். 2015 டிசம்பரில் வேளச்சேரி மூழ்கியது உலகறிந்தது. 2023 மிக்ஜாம் புயலில் மறுபடி. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாய் நிறுத்தினார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் "2015-ல் இங்கே எவ்வளவு?" என்று கேட்டோம். 23 இடத்திலும் ஒரே விடை: "இந்தத் தெருவுக்கு வரலை சார், அடுத்த தெருவுக்குத்தான்." அடுத்த தெருவுக்குப் போனால், அதற்கும் அடுத்த தெரு. தர்க்கப்படி, எந்தத் தெருவிலும் தண்ணீர் வரவில்லை, எல்லாத் தெருவுக்கும் அடுத்த தெருவில் வந்தது. யூடிஎஸ்ஸைப் போலவே வெள்ளமும் எங்கும் நிறைந்து, ஓரிடத்திலும் இல்லாதது.

இம்முரணைத் தீர்க்க இரண்டு சான்றுகள் உதவின. ஒன்று வாய்மொழிச் சான்று. பதினொன்றாவது வீட்டின் தெருமுனையில் இஸ்திரி வண்டி. அப்பா சட்டைப் பையிலிருந்து பாக்குப் பொட்டலம் எடுத்து நீட்டிவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். இஸ்திரிக்காரர் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்புக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பிறகு, "இது மொத நாளு" என்றார்.

மற்றது எழுத்துச் சான்று. அதே மனையின் தாய்ப்பத்திரத்தை அப்பா மூன்று நாள் படித்தார். (பத்திரங்களில் தாய் மட்டுமே உண்டு, தந்தைப் பத்திரம் கிடையாது என்பதும், சிக்கலே இல்லை என்பதற்குத் தரும் தாளுக்கு வில்லங்கச் சான்று என்று பெயர் என்பதும் தனி ஆய்வுக்குரியவை.) 1978-ம் வருடப் பத்திரத்தில் நிலம் நஞ்செய். நான்கெல்லையில் மேற்கே 'ஏரி வாய்க்கால்' என்று இருந்தது. 1996 பத்திரத்தில் அதே மேற்கே '20 அடி ரோடு'. வாய்க்கால் எங்கே போயிற்று என்று எந்தப் பத்திரமும் சொல்லவில்லை. அது எங்கும் போகவில்லை. டிசம்பரில் தன் பழைய விலாசத்துக்குத்தான் வருகிறது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று பெயரிலேயே தாங்கலை, அதாவது சிற்றேரியை, வைத்துவிட்டுப் போனவர்கள் இதைவிடத் தெளிவாக எப்படி எழுதிவைப்பார்கள்?

வாஸ்து பற்றி நீட்ட விரும்பவில்லை. சமையலறை அக்னி மூலையில் இல்லாவிட்டால், "கிழக்கு பார்த்து நின்னு சமைச்சாப் போதும்மா" என்பது எல்லாப் புரோக்கருக்கும் மனப்பாடம். தெருக்குத்து இருந்தால் பிள்ளையார் வைக்கலாம். செல்போன் திசைகாட்டி கார் ஷெட்டின் கம்பிகளுக்கு நடுவே கிழக்கை எந்தப் பக்கமும் காட்டும். மனைவியின் கணக்கும் சுருக்கமானது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, கட்டி முடித்துச் சான்று வாங்கிய வீட்டுக்கு இல்லை. எனவே முடிந்த வீடு மட்டும். 70 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம், மாதம் 60,700 சொச்சம். "முடியறப்ப உங்களுக்கு 64 வயசு" என்றாள். அதோடு லேப்டாப்பை மூடிவிட்டாள்.

இப்போது நோட்டுக்கு வருவோம். 41 நிபந்தனைகளும் ஒரே நாளில் சாகவில்லை. சில அடிக்கப்பட்டன, சில திருத்தப்பட்டன, திருத்தப்பட்டவையே ஆய்வாளனுக்குப் பொன். 'கிழக்கு வாசல்' என்பது ஆறாவது வீட்டுக்குப் பிறகு 'கிழக்கு அல்லது வடக்கு' ஆயிற்று, பத்தாவதில் 'தெற்கு வேண்டாம்', பதினாறாவதில் அம்மாவே பென்சிலால் ஒரு கோடு. 'வடாம் காயவைக்க மொட்டைமாடி' சோலார் தகடுகளைக் கண்டதும் விழுந்தது. வாசலில் கோலம் போட இடம் கேட்டிருந்தோம். லிஃப்ட் கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நாலு புள்ளி வைத்தால் போதும் என்று அம்மா இறங்கிவந்தாள். 'தண்ணீர் வரவே கூடாது' என்ற 7-ம் நிபந்தனையின் வரலாறு தனித்துச் சொல்லத்தக்கது: 'வீட்டுக்குள் வரக்கூடாது', 'இடுப்புக்கு மேல் வரக்கூடாது', 'முழங்காலுக்குக் கீழே என்றால் பரவாயில்லை'. 14 மாதத்தில் எந்த வடிகால் வேலையும் இல்லாமல் வெள்ளம் இப்படி வடிந்தது.

கடைசிப் பக்கத்தில் மிஞ்சியது மூன்று. லோன் கிடைக்க வேண்டும். பள்ளிக்கூடம் மாறக் கூடாது. மூன்றாவது மகள் கையெழுத்தில் இருக்கிறது: 'இனிமேல் சண்டே வீடு பார்க்கப் போகக் கூடாது.'

மூன்றையும் நிறைவேற்றும் வீடு எங்கள் தரவிலேயே இருந்தது. இரண்டாவதாகப் பார்த்து, சொம்புத் தண்ணீர் வாசலுக்கு வந்ததற்காக அம்மா ஒதுக்கிய அதே 1,050 சதுர அடி. அந்தத் தெருவில் 2015-ல் கணுக்கால் அளவு என்று இஸ்திரிக்காரர் சொன்னார். அதற்குள் கணுக்கால் எங்களுக்கு நற்செய்தி ஆகியிருந்தது. 40 வீட்டில் அது ஒன்றுதான் விற்காமல் இருந்தது. பார்த்த அன்று சதுர அடி 8,500. வாங்கிய அன்று 9,300. மொத்தம் 97 லட்சத்து 65 ஆயிரம்.

குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. குளியலறைத் தண்ணீர் இன்னும் வாசலுக்குத்தான் வருகிறது.