சுதந்திரத்தில் விறைத்தவர்கள்

டெக்சஸ்காரர்களுக்குச் சுதந்திரம் என்றால் உயிர். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அதற்குக் கணக்கும் கிடைத்தது: 246 உயிர். மாநில அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை இது.

அமெரிக்காவின் மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் மின்கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. டெக்சஸின் பெரும்பகுதி சேராது. சேர்ந்தால் வாஷிங்டன்காரன் வந்து சட்டம் பேசுவான். அதனால் தனி மின்தொகுப்பு. அதை மேய்க்க ‘எர்காட்’ என்றொரு அமைப்பு. பனியும் உறைமழையும் சேர்ந்து அடித்தபோது 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. வெளியிலிருந்து கரண்ட் வாங்கலாம் என்றால், பேருக்குத்தான் சில இணைப்புகள்.

முன்கூட்டியே தெரியாதா? நன்றாகத் தெரியும். 2011 பிப்ரவரியிலும் இப்படித்தான் உறைந்தது. மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, மின்நிலையங்களுக்கும் எரிவாயுக் கிணறுகளுக்கும் குளிர்காப்பு செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. செய்தே ஆக வேண்டுமென்று டெக்சஸ் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முதலாளிகளின் சுதந்திரம் என்னாவது?

எரிவாயு வந்தால்தான் மின்சாரம். அந்த எரிவாயுவைக் குழாயில் தள்ளும் நிலையங்களுக்கோ மின்சாரம் வேண்டும். ‘எங்களுக்கு மட்டும் வெட்டாதீர்கள்’ என்று கேட்கும் படிவத்தைப் பல நிறுவனங்கள் நிரப்பிக் கொடுக்கவே இல்லை. வெட்டினார்கள். எரிவாயு நின்றது, இன்னும் பல ஆலைகள் படுத்தன. படிவம் நிரப்பாத குற்றத்துக்குத் தண்டனை யாருக்கு? போர்வைக்குள் விறைத்துப்போன முதியவர்களுக்கு. கதகதப்புக்காக கராஜில் காரை ஓடவிட்டு விஷவாயுவில் செத்தவர்களுக்கு.

தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. அதிகம் காலை வாரியது எரிவாயு. ஆளுநர் கிரெக் ஆபட்டோ டிவியில் தோன்றிக் காற்றாலையையும் சூரியத்தகட்டையும் கூண்டில் ஏற்றினார். மத்திய அரசை அண்டவிடாமல் இருக்க மக்கள் 3 நாளுக்கு மேலும் இருட்டில் கிடக்கத் தயார் என்றார் முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரி. எந்த மக்களைக் கேட்டாரோ! செனட்டர் டெட் குரூஸ் மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்குப் பறந்தார். மாட்டிக்கொண்டதும் ‘பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள்’ என்றார். மாநிலத்தில் நடுங்கிய பிள்ளைகள் அவரிடம் ஆசைப்பட்டுக் கேட்க முடியவில்லை. டெக்சஸிலுள்ள கொலராடோ சிட்டி மேயர்தான் ஒளிவுமறைவில்லாதவர். உங்களுக்கு யாரும் எதுவும் செய்யக் கடமைப்படவில்லை, வலுத்தவன் பிழைப்பான் என்று எழுதியே போட்டார். பதவி போனது, கொள்கை போகவில்லை.

கரண்ட் இல்லாத ஊரில் கரண்ட் விலை மட்டும் கொழுந்துவிட்டு எரிந்தது. மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர். சந்தை விலைத் திட்டத்தில் சேர்ந்திருந்த குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. ஒரு எரிவாயு நிறுவன அதிகாரி, ஜாக்பாட் அடித்த மாதிரி இருக்கிறது என்று பூரித்தார்.

நீதிமன்றம் போகலாமே? போனார்கள். எர்காட் அரசின் அங்கம், அதன்மேல் வழக்குத் தொடர முடியாது என்று 2023 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. விலை வைக்கும்போது சந்தை. பதில் சொல்லும்போது அரசாங்கம். அந்த வாரத்து எரிவாயுச் செலவுக்கு வாங்கிய கடனைப் பல வருடம் மாதாமாதம் பில்லில் அடைப்பது மக்கள்தான், செத்தவர்களின் குடும்பங்களையும் சேர்த்து.