அங்கிட்டு பெல்ஜியம், இங்கிட்டு ஹாலந்து

ஐந்தோவன், ஹாலந்து,
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்க அண்ணன் மக எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் நல்லாருக்கோம். போன்ல சொன்னா, "விட்டு விட்டுக் கேக்குது, எழுதி அனுப்பு"ன்னீங்க. அதான் எழுதிட்டேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சத்தமா வாசிக்கட்டும். பெரியப்பா வீட்டுச் சன்னல் திறந்திருந்தா இன்னும் நல்லது. சமாச்சாரம் அவருக்கும் சேர்த்துத்தான்.

நேத்தும் இன்னைக்கும் நானும் இவரும் ஊர் சுத்தப் போனோம். இங்க ஊர் சுத்துறதும் நாடு சுத்துறதும் ஒண்ணுதான். மாட்டுத்தாவணியில பஸ் ஏறி சிவகங்கையில இறங்குற தூரத்துல நாடே முடிஞ்சு போகுது. எல்லையில யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க, ஷெங்கன் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குன்னு ஆபீஸ்ல நாலு பேரு சொல்லியும் இவரு நம்பலை. பாஸ்போர்ட்டு, குடியிருப்பு அட்டை, கல்யாணப் பத்திரம் எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. ரெண்டு நாளும் ஒரு ஆள் கேக்கலை. கடைசியில இவருக்கே கோவம் வந்துருச்சு, "என்னய்யா நாடு இது, ஒருத்தனும் மதிக்கமாட்டேங்கிறான்"னு.

மொதல்ல போனது பார்லேங்கிற ஊரு. பேரைக் கேட்டதும் பிஸ்கட் செய்யுற ஊருன்னு நினைச்சேன். அங்க போய்ப் பார்த்தா சித்தப்பா, நீங்களும் பெரியப்பாவும் சேர்ந்து கட்டின ஊரு மாதிரி இருக்கு.

ஊரு இருக்குறது ஹாலந்துக்குள்ள. ஆனா ஊத்தப்பத்து மேல தூவின வெங்காயம் மாதிரி அதுல பெல்ஜியம் 22 துண்டாக் கிடக்கு. அந்த வெங்காயத்துக்குள்ள மாவு ஒட்டியிருக்குமே, அது மாதிரி பெல்ஜியத் துண்டுகளுக்குள்ள மறுபடி ஹாலந்து ஏழு துண்டு. தெருவுல வெள்ளையாச் சிலுவை சிலுவையாப் பதிச்சு கோடு போட்டிருக்காங்க. கோட்டுக்கு அங்கிட்டு பெல்ஜியம், இங்கிட்டு ஹாலந்து. கோடு ரோட்டைத் தாண்டி, கடைக்குள்ள புகுந்து, அடுத்த வீட்டு அடுப்படி வழியா வெளிய போகுது. ஊருக்கு ரெண்டு மேயர், ரெண்டு போலீசு, ரெண்டு தபாலு. புத்தாண்டு வந்தா ஹாலந்துக்காரங்க வெடி வாங்க பெல்ஜியத் துண்டுக்கு ஓடி வருவாங்களாம். சிவகாசி எதிர்த்த வரிசையில இருந்தா எப்படி இருக்கும், அப்படி.

இது எப்படி வந்துச்சுன்னா எல்லாம் பாகப்பிரிவினைதான். 1198ல பிரபாண்டு கோமகனும் பிரெடா பிரபுவும் நிலத்தைப் பங்கு பிரிச்சிருக்காங்க. குடியானவன் உழுது வரி கட்டுற நிலமெல்லாம் கோமகன் வச்சுக்கிட்டாரு, தரிசெல்லாம் பிரபுவுக்கு. பின்னாடி ஒருத்தர் பக்கம் பெல்ஜியமாவும் இன்னொருத்தர் பக்கம் ஹாலந்தாவும் ஆகிப்போச்சு. கடைசித் துண்டு வரைக்கும் அளந்து முடிச்சது 1995லதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 797 வருசம். அரை அடிச் சுவருக்காக நீங்களும் பெரியப்பாவும் நடத்துற கேஸுக்கு வயசு பதினொண்ணு. அது இன்னும் பால்வாடிக்கே போகலை.

ஒரு வீடு ரெண்டு நாட்டுலயும் கால் வச்சிருந்தா, வாசல் எங்க இருக்கோ அதுதான் அந்த வீட்டோட நாடு. நம்மாளுங்க வாஸ்து பார்த்து வாசலை மாத்துறாங்க. இங்க வரி பார்த்து மாத்தினவங்க உண்டுன்னு சொல்றாங்க. கோடு சரியா வாசல் நிலைக்கு நடுவுல போற வீடும் ஒண்ணு இருக்கு. பாவம், அதுக்கு ரெண்டு கதவு எண். நான் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துருக்கேன். சித்தி போன்ல பாருங்க.

மத்தியானம் ஒரு பெஞ்சுல உக்காந்து கட்டுச்சோத்தைப் பிரிச்சோம். கோடு பெஞ்சுக்கு அடியில போச்சு. புளியோதரை ஹாலந்துல, தேங்காத் துவையல் பெல்ஜியத்துல. இவரு துவையலுக்குக் கை நீட்டுறப்பல்லாம் மஞ்சப்பையையும் கூடவே நகர்த்தி வச்சுக்கிட்டாரு. பக்கத்துல வந்து உக்காந்த ஒரு பாட்டி எங்க டப்பாவையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. ஒரு கரண்டி குடுத்தேன். அது எந்த நாட்டுப் பாட்டின்னு கடைசி வரைக்கும் தெரியலை. மிளகாய் கடிச்சதும் ரெண்டு நாட்டுக்கும் பொதுவா ஒரு சத்தம் போட்டுச்சு.

சாயங்காலம் பஸ்ஸும் ரயிலுமா மாறி ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தோம். ரயில்வே ஸ்டேசனே கோயில் மாதிரி, மேல 75 மீட்டர் உயரத்துக்குக் கோபுரக் கூண்டு. வெளிய வந்தா வைரக்கடைத் தெரு. அங்க குஜராத்திக்காரங்க நிறையப் பேரு இருக்காங்க. இவரு அந்தத் தெருவுல நடந்த வேகத்தைக் கண்டிருந்தா நம்ம செல்லூர் கபடி ரவுண்டானாவுல சிலையா நிக்கிற ஆளுங்களே அசந்திருப்பாங்க. தங்கின ரூமைப் பத்தி எழுதுறதுக்கு ஒண்ணுமில்லை. பெட்டியை உள்ள வச்சா நாங்க வெளிய நிக்கணும்.

இன்னைக்குக் காலையில பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்லணும்னு ரயில்ல வர்றப்பவே நினைச்சேன். ஷெல்ட்னு ஒரு ஆறு அந்த ஊர்ல. கப்பல் போற ஆறு. அக்கரைக்கு நடந்து போகணும்னு ஆத்துக்கு அடியில சுரங்கம் தோண்டியிருக்காங்க, 572 மீட்டர் நீளம், 1933ல திறந்தது. இவங்க தண்ணி நிக்காம ஓடுறதால அடியில தோண்டி நடக்குறாங்க. நம்மூர் ஆத்துல தண்ணி இல்லாததால நாம யானைக்கல்லுக்கு ஆத்துக்குள்ளயே இறங்கி நடந்தோம். செலவு நமக்குத்தான் கம்மி.

கீழ இறங்க நகரும் படிக்கட்டு. அந்தக் காலத்து மரப்படி, இன்னும் ஓடுது. ஏறி நின்னதும் டக்கு டக்குன்னு ஒரு சத்தம். எங்கயோ கேட்ட சத்தமா இருக்கேன்னு நின்னேன். சின்ன வயசுல விடியக்காலம் தூக்கத்துல கேக்குமே, தாத்தா தறிச் சத்தம், அதே தாளம். கண்ணை மூடினா செல்லூரு. சாயப் பாவு வாசம் மட்டும்தான் இல்லை. கீழ போயி, மேல வந்து, மறுபடி கீழ போனேன். மூணாவது தடவை இவரு, "ஏதாச்சும் விழுந்துருச்சா?"ன்னு கேட்டாரு. கம்மல் திருகாணின்னு சொல்லிட்டேன். நல்ல மனுசன், குனிஞ்சு தேட ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம் ஊர்ச் சதுக்கத்துல ஒரு சிலை. அந்த ஆத்தங்கரையில அன்டிகோன்னு ஒரு ராட்சசன் இருந்தானாம். சுங்கம் கட்டாத படகுக்காரன் கையை வெட்டிருவானாம். பிராபோன்னு ஒரு ரோமாபுரிச் சிப்பாய் வந்து ராட்சசன் கையையே வெட்டி ஆத்துல வீசினானாம். நம்மூர்ல யானையும் நாகமும் பசுவும் சண்டைக்கு வந்து மலையாப் படுத்துச்சுங்க. நாம அதுல ஏறி இறங்குறோம். இவங்க அந்தக் கையை பிஸ்கட்டாச் சுட்டு டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க. அஞ்சு விரலும் தெரியும்.

ஒரு டப்பா வாங்கியிருக்கேன். அடுத்த வாரம் மதுரைக்கு வர்ற ஒரு தம்பிகிட்ட குடுத்து விடுறேன். மைதா மாவுல செஞ்சது, மேல பாதாம் தூவியிருக்கு, பெரியப்பாவுக்குப் பல்லுக்கு ஆகும். நம்ம பக்கத்து முருங்கை அவங்க பக்கம் சாஞ்சிருக்குல்ல, அது வழியாவே சித்தி எட்டிக் குடுத்துரலாம். சுத்திப் போக வேணாம்.

ஒரு விசயம் சித்தப்பா. எண்ணிப் பார்த்தேன், டப்பாவுல பதிமூணு கை இருக்கு. ஆளுக்கு ஆறு எடுத்துக்கங்க. பதிமூணாவதுக்கு சர்வேயரைக் கூப்பிட வேணாம், அதை அம்மாகிட்ட குடுத்துருங்க.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்